சாய்ந்தமர்ந்து செல்லும் மிதிவண்டி: யாருக்கு ஏற்றது?

மனிதன் தன் உடல் வலிமையைக் கொண்டே தன்னைச் சுமந்து செல்லக் கண்ட ஊர்திகளுள் மிதிவண்டிக்கு ஈடானது பிறிதொன்றில்லை. அது எண்ணெய் கேட்பதில்லை, தீனி கேட்பதில்லை. ஏழைக்கு எட்டும், செல்வருக்கு உடல் நலம் தரும். ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த நல்ல தோழனே சிலருடைய உடலுக்குப் பகையாவதும் உண்டு. உள்ளங்கை மரத்துப் போகிறது. கழுத்து இறுகி வலிக்கிறது. சிறிய சீட்டின் மேல் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பதே தண்டனையாகிறது. நாற்பது ஆண்டுகள் மிதித்தவர், "இனி நமக்கு இது ஆகாது" என்று வண்டியைச் சுவரில் சாத்திவிடுகிறார். அந்த நாளில் அவர் இழப்பது ஒரு வண்டியை மட்டுமன்று. காலைக் காற்றையும், தாம் நினைத்த இடத்திற்குத் தம் கால்களைக் கொண்டே போய்வரும் உரிமையையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்.

இத்தகையோருக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு மாற்று வழி உண்டு. அதைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம். ஆங்கிலத்தில் அதற்கு 'ரிகம்பென்ட்' என்று பெயர். நெதர்லாந்து மக்கள் 'லிக்ஃபீட்ஸ்' என்பர். ஜெர்மானியர் 'லீகராட்' என்பர். இரண்டுக்கும் 'படுத்தபடி ஓட்டும் மிதிவண்டி' என்பதே பொருள். நாம் சாய்வு மிதிவண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். இதனைப் புகழ்வோர் வானளாவப் புகழ்வர். இகழ்வோர் 'பொம்மை வண்டி' என்று ஒதுக்குவர். இரு சாராருமே பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். நல்லதா, கெட்டதா என்று கேட்பதைவிட, யாருக்கு, எந்தப் பாதையில், எதற்காக என்று கேட்பதே அறிவுடைமையாகும்.

அமைப்பு எத்தகையது?

நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் சாய்வு நாற்காலியை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். அதில் ஒருவர் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி அமர்ந்திருக்கிறார். நாற்காலியின் அடியில் சக்கரங்களையும், நீட்டிய பாதங்களின் கீழ்ப் பெடல்களையும் பொருத்திவிட்டால் சாய்வு மிதிவண்டி ஆயிற்று. சாதாரண மிதிவண்டியில் பெடல் உடலுக்குக் கீழே இருக்கும். இதிலோ உடலுக்கு முன்னே இருக்கிறது. ஹேண்டில் பார் சில வண்டிகளில் மார்புக்கு எதிரே இருக்கும். வேறு சிலவற்றில் சீட்டுக்கு அடியில், கைகளை இருபுறமும் தொங்கவிட்டுப் பிடிக்கும்படி இருக்கும். செயின் முன்னிருந்து பின்சக்கரம் வரை ஓட வேண்டியிருப்பதால், சாதாரண வண்டியினுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான நீளம் வேண்டும்.

இரு சக்கர வண்டிகளில் நீண்டவையும் குட்டையானவையும் உண்டு. நீண்ட வண்டியில் முன்சக்கரம் பெடலுக்கு முன்னே அமைந்திருக்கும், நிதானமாகச் செல்லும், ஆனால் திரும்புவதற்கு இடம் மிகுதியாக வேண்டும். குட்டையான வண்டியில் முன்சக்கரம் பெடலுக்குப் பின்னே, முழங்கால்களின் கீழே இருக்கும், சுறுசுறுப்பாகத் திரும்பும், புதியவர் கையில் சற்றே துள்ளும். இவையன்றி மூன்று சக்கர வண்டிகளும் உண்டு. அவற்றைப் பின்னர்ப் பார்ப்போம்.

புதுமையன்று, பழைமையே

இது நேற்று முளைத்த விந்தை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்ல் மொஷே என்பவர் முதலில் பெடலால் ஓடும் நான்கு சக்கர வண்டிகளைச் செய்து விற்றார். பின்னர் அதையே இரு சக்கர வண்டியாக மாற்றி 'வெலோகார்' எனப் பெயரிட்டார். 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், பாரிஸ் நகர ஓடுகளத்தில் பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் அந்த வண்டியில் ஏறி, ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தார். 1914இல் சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் நாட்டிய 44.247 கிலோமீட்டர் சாதனை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்தது. முதல் வரிசை வீரரென எவரும் எண்ணாத ஃபோர் அதைச் சாய்த்தமர்ந்தபடியே முறியடித்தார்.

இது வீரரின் வெற்றியா, வண்டியின் வெற்றியா என்ற வழக்கு எழுந்தது. உலக மிதிவண்டிப் போட்டிகளை ஆளும் பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 1934இல் கூடி, போட்டிக்குரிய மிதிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்தது. அந்த இலக்கணத்துக்குள் சாய்வு மிதிவண்டி அடங்கவில்லை. மொஷே அதே ஆண்டில் மறைந்தார். ஃபோர் விட்டுவிடவில்லை. 1939இல், காற்றைக் கிழிக்கும் கூடு போர்த்திய வெலோகாரில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். ஆனால் போட்டிக் களத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் செய்ய முன்வரவில்லை. செய்யாததால் மலிவாகவில்லை, மலிவாகாததால் மக்களிடம் பரவவில்லை. ஒரு பொருள் பரவாமல் போனதனாலேயே அது தாழ்ந்தது என்று தீர்ப்பளிக்கலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

1970களில் அமெரிக்காவில் இந்த எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரவியல் பேராசிரியராயிருந்த டேவிட் கார்டன் வில்சன் இதற்குப் பெருந்துணை புரிந்தார். 2019இல் காலமான இவரை வேகத்தைவிடப் பாதுகாப்பே பெரிதும் ஈர்த்தது. சாதாரண வண்டியில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தால், ஓட்டுபவர் ஹேண்டில் பாரின் மேல் பறந்து தலைகுப்புற விழக்கூடும். தாழ்வாகவும் பின்னோக்கியும் அமர்ந்தவருக்கு அந்த ஆபத்து இல்லை என்பது அவருடைய வாதம்.

வேக வேட்கையும் தொடர்ந்தது. 1986இல் ஃபிரெடி மார்க்கம் என்ற அமெரிக்கர், கூடு போர்த்திய சாய்வு மிதிவண்டியில் மணிக்கு 65 மைல் எல்லையைக் கடந்து பரிசு பெற்றார். 2016இல் கனடாவைச் சேர்ந்த டாட் ரைக்கர்ட், நெவாடா மாநிலத்துப் பாட்டில் மவுண்டன் சாலையில், தம் கால்களின் வலிமையால் மட்டுமே மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். கடைத்தெருவுக்குப் போய்வர இந்த வேகம் யாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் இவ்வமர்வு காற்றை எவ்வளவு எளிதில் வெல்லுகிறது என்பதை இது நன்கு விளக்குகிறது.

உடலுக்கு வரும் நன்மையும் தீமையும்

சாதாரண மிதிவண்டியில் உடலின் எடை மூன்று சிறிய இடங்களில் இறங்குகிறது: சீட்டு, கைகள், பாதங்கள். முன்னே குனிந்து ஓட்டுபவரின் உள்ளங்கையில் நரம்பு நசுங்குகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. குனிந்த உடலோடு தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருப்பதால் கழுத்து நோகிறது. குறுகிய சீட்டு, இரு தொடைகளுக்கும் இடைப்பட்ட மென்மையான பகுதியின் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் அழுத்துகிறது. வயதான ஆண்கள் இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டே மிதிவண்டியைக் கைவிடுகின்றனர்.

சாய்வு மிதிவண்டியில் எடை முழுவதும் அகன்ற சீட்டிலும் முதுகிலும் பரவிவிடுகிறது. கைகளுக்குச் சுமையே இல்லை. திருப்புவதும் பிரேக் பிடிப்பதுமே அவற்றின் வேலை. கண் நேரே சாலையையும் வானத்தையும் பார்க்கிறது. மணிக்கட்டு, கழுத்து, சீட்டு ஆகிய மூன்றின் நோயால் வண்டியை விட்டவர்களுக்கு இது மெய்யாகவே ஒரு விடுதலை.

ஆயினும், இதனை எல்லா வலிக்கும் மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. முதலாவது, முதுகு வலி பல வகைப்படும். சாய்ந்தமர்ந்தால் சிலருக்கு இதமாயிருக்கும்; இடுப்பு மடங்கிய நிலையில் நெடுநேரம் அமர்ந்தால் வேறு சிலருக்கு வலி மிகும். நாற்காலியில் அமரும்போதே முதுகு நோகிறவர், மருத்துவரைக் கேளாமல் இதனை வாங்கக் கூடாது. இரண்டாவது, சாதாரண வண்டியில் பள்ளம் வரும்போது நாம் அறியாமலே சீட்டிலிருந்து சற்று எழுந்து கொள்கிறோம்; அதிர்ச்சியைக் கால்கள் தாங்கிக் கொள்கின்றன. இதில் எழ முடியாது. குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் நேரே முதுகெலும்பில் போய் விழும். ஸ்பிரிங் வைத்த வண்டியும் அகன்ற டயரும் இதைக் குறைக்கும், முற்றும் நீக்கா.

மூன்றாவது, முழங்கால். சாதாரண வண்டியில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் உடல் எடையே அதற்கு ஓர் எல்லையிடும். இதிலோ முதுகு சீட்டில் முட்டுக் கொடுத்திருப்பதால், எடையைவிட மிகுந்த விசையோடு உதைக்க முடியும். கனமான கியரில் முரட்டுத்தனமாக உதைப்பவரின் முழங்கால் சில வாரங்களிலேயே முறையிடத் தொடங்கும். இலேசான கியரில் விரைந்து சுழற்றுவதே இவ்வண்டிக்குரிய முறை. பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரத்தைக் கால் நீளத்துக்கேற்பச் சரியாக அமைத்துக் கொள்வதும் இன்றியமையாதது. நான்காவது, பாதங்கள் உயர்ந்திருப்பதால் சிலருக்கு விரல்கள் மரத்துப் போவதுண்டு. பிட்டத்துத் தசைகள் புதிய முறையில் உழைப்பதால் அங்கே வலி காண்பதும் உண்டு. இவை பெரும்பாலும் பழகப் பழகக் குறைவன.

காற்றும் மேடும்

சமவெளியில் ஓரளவு விரைந்து செல்லும் மிதிவண்டிக்குப் பெரும்பகை காற்றே. வேகம் இரு மடங்கானால், காற்றை வெல்ல வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகிறது. நிமிர்ந்தமர்ந்தவர் காற்றுக்குத் தம் மார்பையே சுவராகக் காட்டுகிறார். சாய்ந்தமர்ந்தவரோ பாதங்களை முன்னே காட்டி, உடலை அவற்றின் பின்னே மறைத்துக் கொள்கிறார். ஆகவே நெதர்லாந்தில், கடலிலிருந்து மீட்ட சமநிலங்களில், எதிர்க்காற்றோடு நாள்தோறும் போராடுவோர்க்கு இவ்வண்டி பெருவரம். அந்நாட்டில் இதன் மேல் முழுக்கூடு போர்த்தி, மழைக்கும் குளிருக்கும் அஞ்சாமல் வேலைக்குச் செல்வோரும் உண்டு. ஆனால் இந்த ஆதாயம் தாழச் சாய்ந்த வண்டிகளுக்கே மிகுதி. நாற்காலியில் அமர்வது போல் நிமிர்ந்த சீட்டுடைய வண்டியில் அதனைப் பெரிதாக எதிர்பார்க்கலாகாது.

மேடு ஏறும்போதோ கதை தலைகீழாகிறது. ஏற்றத்தில் வண்டி மெல்லச் செல்வதால் காற்று ஒரு பொருட்டன்று, எடையே பொருட்டு. 80 கிலோ எடையுள்ள ஒருவர் 14 கிலோ வண்டியில் ஏறினால் மொத்தம் 94 கிலோ. 20 கிலோ எடையுள்ள மூன்று சக்கர வண்டியில் ஏறினால் 100 கிலோ. அதே வலிமைக்கு ஏற்றம் நூற்றுக்கு ஆறு பங்கு அதிக நேரம் கேட்கும். பெடலின் மேல் எழுந்து நின்று மிதிக்கவும் இதில் வழியில்லை. மேலும், மிக மெதுவாகச் செல்லும்போது இரு சக்கரச் சாய்வு வண்டியை நிலைநிறுத்துவது கடினம். எனவே செங்குத்தான மேடுகளின் நடுவே வாழ்பவர் இரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்மோட்டார் துணையுள்ள வண்டிகள் இப்போது கிடைப்பதால் இக்குறை ஓரளவு நீங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மிதிவண்டியாகவே கருதப்படும் இத்தகைய வண்டியின் மோட்டார் 250 வாட் திறனுக்கு மிகலாகாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் அது துணை செய்யாது.

சாலையில் கண்ணும் காட்சியும்

"இவ்வளவு தாழ்வாகப் போனால் காரோட்டி கண்ணில் படுமா?" குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. கேட்பதும் நியாயமே. இதற்கு ஒரே விடை இல்லை. பெரிய சக்கரங்களும் உயர்ந்த சீட்டும் உடைய சாய்வு வண்டியில் ஓட்டுபவரின் கண், காரோட்டியின் கண்ணுக்கு ஏறத்தாழ இணையாகவே நிற்கிறது. தாழ்ந்த மூன்று சக்கர வண்டியில் அமர்ந்தவரின் தலையோ காரின் கண்ணாடிக்கும் கீழே போய்விடுகிறது. திறந்த சாலையில் விந்தையான வடிவமே பார்வையை இழுக்கும். பலர் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிச் செல்வர். ஆனால் நெரிசலில், நிறுத்தி வைத்த கார்களின் இடையிலிருந்து வெளிப்படும்போது, அவ்வடிவத்தைப் பார்க்க எவருக்கும் வாய்ப்பில்லை.

இங்கே பலர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. சாய்வு மிதிவண்டியில் பாதங்கள் கண்ணுக்கு முன்னே ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டிருக்கின்றன. மறைவான முனையில் குறுக்குச் சாலையை எட்டிப் பார்க்க வேண்டுமானால், கண் போய்ச் சேருமுன் கால்கள் சாலைக்குள் போய்விடும். உடலைத் திருப்பிப் பின்னே பார்ப்பதும் கடினம். ஆகையால் இருபுறமும் கண்ணாடி, பகலிலும் எரியும் விளக்கு, நீண்ட கழியில் அசையும் கொடி ஆகிய மூன்றையும் வண்டியின் விலையோடு சேர்ந்த செலவாகவே கருத வேண்டும். தனி மிதிவண்டிப் பாதை உள்ள ஊரில் வாழ்பவருக்கு இக்கவலை குறைவு. லாரியும் பேருந்தும் உரசிச் செல்லும் சாலையைத் தவிர வேறு வழியில்லாதவருக்கு, இதனை வாங்குமாறு யாம் பரிந்துரையோம்.

இரண்டு சக்கரமா, மூன்று சக்கரமா?

மூன்று சக்கர வண்டிகள் இரு வகை. முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாகச் சக்கரங்கள் அமைந்தது ஒரு வகை. தலை பருத்து வால் சிறுத்த அதன் வடிவத்தால் ஆங்கிலத்தில் அதனைத் தலைப்பிரட்டை என்றே அழைக்கின்றனர். வளைவுகளில் இது உறுதியாக நிற்கும். ஆனால் தாழ்வாக இருப்பதால் அமர்வதும் எழுவதும் முதியவர்க்கு அரிது. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக அமைந்தது மற்றொரு வகை. இதில் சீட்டு பெரும்பாலும் சற்று உயர்ந்திருக்கும். நாற்காலியில் அமர்வது போல் எளிதில் அமரலாம். சிறிய இடத்திலும் திருப்பலாம். வளைவில் மட்டும் வேகத்தை அடக்க வேண்டும்.

மூன்று சக்கரத்தின் பெரும்பேறு, அதில் விழுவோம் என்ற அச்சம் வேண்டாம் என்பதே. பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ உடலின் சமநிலை குன்றியவர்களும் இதில் தம் போக்கில் செல்ல முடிகிறது. மேட்டில் நடை வேகத்தினும் மெதுவாகச் செல்லலாம். களைத்தால் அப்படியே நின்று இளைப்பாறலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. முன்னிரு சக்கர வண்டியில் பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டுவிட்டால், வண்டி முன்னேறி அந்தக் காலையே கீழே இழுத்து மடக்கிவிடும். கடுங்காயம் நேரும். எனவே பாதத்தைப் பெடலோடு பிணைக்கும் காலணியோ வாரோ இல்லாமல் அதில் ஏறவே கூடாது.

குடும்பங்களுக்கென ஒரு செய்தியும் உண்டு. ஜெர்மனியின் ஹாசே நிறுவனம் 'பினோ' என்ற இருவர் வண்டியைச் செய்கிறது. முன்னவர் சாய்ந்தமர்ந்து பாதையைப் பார்த்தபடி மிதிக்கிறார். பின்னவர் நிமிர்ந்தமர்ந்து வண்டியைச் செலுத்துகிறார். முன்னவர் களைத்தால் மிதியாமலும் இருக்கலாம். தனியே வண்டியோட்ட இயலாத பிள்ளையைத் தாயோ தந்தையோ தம் கண்முன்னே அமர்த்தி, பேசிக்கொண்டே அழைத்துச் செல்ல இதில் முடிகிறது. பின்னே அமர்ந்து தந்தையின் முதுகையே பார்த்து வரும் பிள்ளைக்கும், முன்னே அமர்ந்து உலகைப் பார்த்து வரும் பிள்ளைக்கும் உள்ள வேற்றுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வீடும் செலவும்

விலை சிறிதன்று. பெருந்தொகையாகச் செய்யப்படாததால், ஐரோப்பாவில் புதிய சாய்வு மிதிவண்டி ஒன்று ஆயிரக்கணக்கான யூரோ கேட்கும். முழுக்கூடு போர்த்தியதாயின் விலை பன்மடங்கு. பழைய வண்டிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. வாங்கிப் பழகாமல் விட்டவர்கள் பலர் என்பதே அதன் காரணம் என்பதையும் வாங்குபவர் நினைவிற் கொள்க.

வாங்கிய வண்டியை எங்கே வைப்பது? நீண்ட வண்டி மாடிப்படியில் ஏறாது. மூன்று சக்கர வண்டி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. குறுகிய வாசலிலும், பாதைகளின் குறுக்கே நட்டிருக்கும் தடுப்புக் கம்பங்களின் இடையிலும் நுழைவது கடினம். இரயிலிலோ கார் மேலோ ஏற்றிச் செல்லும் பழக்கமுள்ளவர், முன்னதாகவே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் முன்சக்கரம் சிறிது, பின்சக்கரம் பெரிது. வழியில் பஞ்சரானால் இருவகை டியூபும் கையில் இருத்தல் வேண்டும். பழுது பார்க்கும் கடை அருகில் உண்டா என்பதையும் கேட்டறிவது நன்று.

மூவரை எண்ணிப் பார்ப்போம்

இதுவரை கண்டவற்றை மூவர்க்குப் பொருத்திப் பார்ப்போம். மூவரும் நம் கற்பனை மாந்தரே. முதலாமவர் நெதர்லாந்தின் சமவெளியில், வேலைக்கு ஒரு வழி 20 கிலோமீட்டர் மிதிப்பவர். தனிப் பாதை உண்டு, மேடு இல்லை, எதிர்க்காற்று உண்டு, வீட்டில் வண்டிக் கொட்டகை உண்டு. இவருக்குத் தாழ்ந்த இரு சக்கரச் சாய்வு வண்டி நன்றாகப் பொருந்தும்.

இரண்டாமவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து முதியவர், வயது 68. மணிக்கட்டு நோவும் தளர்ந்த சமநிலையும் உடையவர். அம்மாநிலத்தில் கைவிடப்பட்ட இருப்புப் பாதையின் மேல் அமைத்த கேட்டி பாதை சுமார் 385 கிலோமீட்டர் நீளம் உடையது. இரயில் சென்ற தடமாதலால் செங்குத்தான மேடில்லை, கார்களும் இல்லை. அவருடைய மனைவியார் அஞ்சுவது விபத்துக்கே. அவ்வச்சம் தீர, பின்னிரு சக்கரமும் உயர்ந்த சீட்டும் உள்ள மூன்று சக்கர வண்டியே தக்கது. வேகம் குறையும்; குறைந்தால் என்ன? அவர் போட்டிக்குப் போகவில்லை.

மூன்றாமவர் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரவாசி. குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நகரம் அது. நான்காம் மாடியில் வாடகை வீடு. நாள்தோறும் 4 கிலோமீட்டர் மட்டுமே பயணம். வழியெல்லாம் நெரிசலும் மேடும். இவருக்கு இருக்கும் குறை சற்றே கழுத்து வலி. இவர் பெருந்தொகை கொடுத்துச் சாய்வு வண்டி வாங்குவதைவிட, இருக்கும் வண்டியின் ஹேண்டில் பாரை உயர்த்தி, சீட்டை மாற்றி, அளவுகளைச் சரிசெய்து கொள்வதே சிறந்தது. பல வலிகள் வண்டியின் குற்றமல்ல. அளவு பொருந்தாமையின் குற்றம். சிறு செலவில் தீரும் குறைக்குப் பெருஞ்செலவு செய்வது விவேகமாகாது.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, கடந்த ஒரு மாதத்தில் மிதிவண்டியில் எங்கெங்கே சென்றோம் என்று எழுதுக. செல்ல விரும்பும் இடங்களை அன்று, சென்ற இடங்களை எழுதுக. தூரம், மேடு, நெரிசல், சுமை ஆகியவற்றை எதிரே குறிக்க. உடலில் எங்கே, எவ்வளவு நேரத்திற்குப் பின் வலிக்கிறது என்பதையும் குறிக்க. அந்தத் தாளே பாதி விடையைச் சொல்லிவிடும்.

அடுத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். கடை வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டித் தீர்ப்பளிக்கக் கூடாது. முதல் பத்து நிமிடத்தில் எவருக்கும் இரு சக்கரச் சாய்வு வண்டி தள்ளாடவே செய்யும். ஆளில்லாத திடலில், இலேசான கியரில், முதுகைச் சீட்டில் நன்றாகப் பதித்து, தோள்களையும் கைகளையும் தளர்த்தி, பார்வையைச் சக்கரத்தின் மேலன்றித் தொலைவில் வைத்து, ஒரு காலால் உறுதியாக உதைத்துப் புறப்பட வேண்டும். ஹேண்டில் பாரை இறுகப் பற்றுபவரே பெரும்பாலும் தள்ளாடுவார். முடிந்தால் இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, தாம் வழக்கமாகச் செல்லும் பாதையிலேயே ஓட்டிப் பார்ப்பது உத்தமம். அப்போதும் மேட்டில் தம் வேகத்தைக் கண்டு சோர்வுற வேண்டாம். புதிய முறையில் உழைக்கும் தசைகள் தேறுவதற்குச் சில வாரங்கள் வேண்டும்.

இறுதியாக, வீட்டாரோடு கலந்து பேசுக. செலவு குடும்பத்துடையது; வண்டி நிற்கும் இடம் குடும்பத்துடையது; வெளியே சென்றவர் திரும்பி வரும் வரை காத்திருக்கும் கவலையும் குடும்பத்துடையதே. மனைவியோ மகனோ ஒருமுறை பின்னே மற்றொரு மிதிவண்டியில் வந்து, தொலைவிலிருந்து இவ்வண்டி கண்ணில் படுகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். கொடியும் விளக்கும் போதுமா என்பதற்கு அதைவிட நல்ல சோதனை இல்லை.

பழைய வண்டியில் வலியின்றி மகிழ்ந்து செல்பவர், புதுமை என்பதற்காக மாற வேண்டியதில்லை. மேடும் நெரிசலும் மிகுந்த வழியில் செல்பவர் பொறுத்திருப்பதே நன்று. ஆனால் உடல் நோவினால், "இனி நமக்கு இது ஆகாது" என்று வண்டியைச் சுவரில் சாத்தியவருக்குத் தக்க பாதையும் ஓட்டிப் பார்க்க வாய்ப்பும் இருக்குமானால், பிறர் சிரிப்பார்களே என்று அவர் தயங்க வேண்டாம். சிரிப்பவர்கள் சில நாளில் பழகிவிடுவார்கள். கால்களோ இன்னும் பல்லாண்டு மிதிக்கும்.